இழை: இனி கீமோ வேண்டாம்னு சொல்லிட்டாங்க, பையனை வீட்டுல வச்சு எப்படிப் பாத்துக்கறது?

அரியலூர்_சித்தி

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா வாசிக்கறேன், எழுதறது இப்பதான்.

அக்கா பையனுக்கு 9 வயசு. ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய். முதல் சிகிச்சை முடிஞ்சு நல்லா இருந்தான், ஸ்கூலுக்குக் கூடப் போனான். திரும்ப வந்துச்சு. மறுபடி கீமோ, அப்புறம் அக்காவோட மஜ்ஜையைக் குடுத்தும் பாத்தாச்சு. இப்ப மறுபடியும் வந்திருக்கு. போன வாரம் டாக்டர் அக்காவையும் மாமாவையும் உக்கார வச்சு, இனிமே கீமோ குடுத்தா கஷ்டம்தான் மிஞ்சும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சந்தோஷமா வச்சுக்கங்கன்னு சொல்லிட்டார். சீட்டுல பாராசிட்டமாலும் வாந்தி மாத்திரையும் இருக்கு. அவ்வளவுதான்.

சந்தோஷமா வச்சுக்கறதுன்னா என்ன செய்யணும்னு யாரும் சொல்லலை.

ராத்திரி கால் வலிக்குதுங்கறான். அழ மாட்டேங்கறான். முட்டியை மடக்கிட்டு, கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அசையாமப் படுத்திருக்கான். சமத்துப் பிள்ளைன்னு அப்பாயி சொல்றாங்க, எனக்குப் பாக்க முடியலை. அப்பாயி ஒரு வேளைக்கு நாலு தடவை சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டு வராங்க, அவன் வாயை மூடிக்கறான். மாமாவோட அண்ணன் வேற ஊருக்குக் கொண்டு போகலாம்னு நிக்கறார்.

நேத்து அவன் என்கிட்ட மட்டும் கேட்டான்: “சித்தி, இனிமே ஊசி கிடையாதாமே. அப்ப நான் சரியாயிட்டேனா, இல்ல வேற ஏதாவதா?” வாயே வரலை எனக்கு. தண்ணி எடுத்துட்டு வரேன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்கூட்டி_சிஸ்டர்

சித்தி, மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல வலி.

நான் வீடு வீடாப் போய் இந்த மாதிரி நோயாளிகளைப் பாக்கற நர்ஸ். அசையாமப் படுத்திருக்கான்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது சமத்து இல்லை. அசைஞ்சா வலிக்கும்னு தெரிஞ்சு வச்சிருக்கான். நாள்கணக்கா வலியில இருக்கற பிள்ளைங்க அழறதை நிறுத்திடும். விளையாட்டு, பேச்சு எல்லாம் நின்னு சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கும். ரத்தப் புற்றுல மஜ்ஜைக்குள்ள செல்கள் நெருக்கியடிச்சு நிக்கறதால எலும்பு குடையும், அதுலயும் காலு ரொம்ப.

பாராசிட்டமால் இதுக்குப் பத்தாது. அதுக்காக மருந்துக் கடையில கேட்டு ப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிடாதீங்க. பிளேட்லெட் குறைஞ்ச பிள்ளைக்கு ரத்தக்கசிவு வந்துடும். இடுப்பு ஊசியும் ஆசனவாய் மாத்திரையும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

அவனுக்கு வேண்டியது வாய்வழி மார்ஃபின், அபின்ல இருந்து எடுக்கற, கடுமையான வலிக்கான மருந்து. சிரப்பாவும் மாத்திரையாவும் இருக்கு. அளவை எடை பாத்து டாக்டர்தான் எழுதணும், நான் இங்க எழுத மாட்டேன். ஆனா வீட்டுல இருக்கறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது இது: சாதாரண மார்ஃபின் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. கடிகாரத்தைப் பாத்துக் குடுக்கணும், பிள்ளை முகத்தைப் பாத்து இல்லை. வலி வரட்டும் குடுக்கலாம்னு காத்திருந்தா ஒவ்வொரு தடவையும் வலியைத் துரத்திக்கிட்டே இருப்பீங்க. நடுவுல பிச்சுக்கிட்டு வந்தா அதுக்குன்னு தனியா ஒரு டோஸ் எழுதித் தருவாங்க. எப்ப குடுத்தீங்கன்னு ஒரு நோட்டுல குறிச்சு வைங்க, அடுத்த அளவை அதை வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. மலச்சிக்கல் வந்தே தீரும். அதனால லாக்டுலோஸ் மாதிரி ஏதாவது முதல் நாள்லேயே சேத்து எழுதச் சொல்லுங்க, வந்தப்பறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க. முதல் ரெண்டு மூணு நாள் தூங்கித் தள்ளுவான். பாதி மருந்து, பாதி இத்தனை நாள் தூங்காத பாக்கி. எழுப்பினா முழிக்கறானான்னு மட்டும் பாத்துக்கங்க. முழிக்காம மூச்சு ரொம்ப மெதுவாச்சுன்னா உடனே போன் பண்ணணும். அரிப்பு வரலாம், சொன்னா மருந்து தருவாங்க. திடீர்னு நிறுத்தவே கூடாது.

எங்க கிடைக்கும்? சிகிச்சை பாத்த ஆஸ்பத்திரியிலேயே வலி நிவாரண ஆதரவு சிகிச்சைப் பிரிவு இருக்கான்னு கேளுங்க, அங்கதான் ஃபைல் இருக்கு. இல்லேன்னா மாவட்டத் தலைமை மருத்துவமனை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வட்டாரத்துக்கு வட்டாரம் இதுக்குன்னே ஒரு நர்ஸ் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுங்க. சுகர், பி.பி. மாத்திரை குடுக்கத்தான் அந்தத் திட்டம்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க.

நம்பிக்கை_வீண்போகாது

என்னங்க இது, ஒம்பது வயசுப் பையனுக்கு போதை மருந்தா? எங்க பெரியப்பாவுக்கு மார்ஃபின் ஆரம்பிச்ச வாரமே போய்ச் சேந்துட்டார். அது கடைசி மருந்து. சீக்கிரம் முடிச்சு வைக்கத்தான் அதைக் குடுக்கறாங்க.

டாக்டர் கையை விரிச்சா எல்லாம் முடிஞ்சுதா? கேரளாவுல ஒரு வைத்தியர் இருக்கார், மூணு மாசக் கஷாயம், எத்தனையோ பேர் எழுந்து நடந்திருக்காங்க. நம்பர்: [நீக்கப்பட்டது]

அப்புறம் இப்பல்லாம் நம்ம ரத்த செல்லையே மாத்திப் புற்றோட சண்டை போட வைக்கற கார்-டி செல் சிகிச்சைன்னு இந்தியாவுலயே வந்திருக்கே, அதை ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க?

நெறியாளர்

வைத்தியரின் தொலைபேசி எண் நீக்கப்பட்டது. புற்றுநோயைக் குணமாக்குவதாகச் சொல்லும் எவருடைய எண்ணையும் இங்கே பகிர வேண்டாம். மருந்தின் அளவுகளும் வேண்டாம். மற்றபடி விவாதம் தொடரலாம்.

குழந்தை_ஆன்கோ

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நம்பிக்கை அவர்களின் கேள்விகள் நியாயமானவை. வார்டில் தினமும் கேட்பவைதான்.

முதலில் கார்-டி. 2023 அக்டோபரில் இந்தியாவிலேயே உருவான ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது உண்மை. அந்த அனுமதி 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. குழந்தைகளுக்கு ஆய்வு ஏதும் நடக்கிறதா, இவன் அதற்குப் பொருந்துவானா என்பதை அவனுடைய டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னொரு கருத்து கேட்பதிலும் தவறே இல்லை. அடையாறு, வேலூர் சி.எம்.சி., ஜிப்மர், மும்பை டாட்டா என்று எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் அதற்குப் பையனைத் தூக்கிக்கொண்டு ரயிலேற வேண்டியதில்லை. ஃபைலோடு பையனின் பெரியப்பா ஒருவர் போனால் போதும். வலிக்கு மருந்து தொடங்குவதை அதுவரை தள்ளிப்போடவும் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

//ஆரம்பிச்ச வாரமே போய்ச் சேந்துட்டார்//

கடைசி வாரம் வரைக்கும் கொடுக்காமல் வைத்திருந்தால், கொடுத்த வாரத்திலேயேதான் போவார்கள். முறையாகத் தொடங்கி, தேவைக்கேற்ப மெல்ல மெல்லக் கூட்டினால் மார்ஃபின் உயிரைக் குறைப்பதில்லை. மாதக்கணக்கில் மார்ஃபின் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உடம்பு மருந்துக்குப் பழகுவது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு. பழகுவதால்தான் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று சிஸ்டர் சொன்னார்.

இந்த பயத்துக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. ஒரு புட்டி மார்ஃபினுக்குப் பல துறைகளின் உரிமங்கள் வேண்டியிருந்தன, கணக்கில் பிசகினால் சிறை. மருந்துக் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. 1985இல் 700 கிலோவுக்கு மேல் இருந்த நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 1997இல் 18 கிலோவாகச் சுருங்கியது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு அபின் செடி வளர்த்து உலகத்துக்கு ஏற்றுமதி செய்கிற நாடு இது! கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையம் ஒரே உரிமத்தில் இப்போது வைத்திருக்கலாம். ஆனால் இடைப்பட்ட அந்தத் தலைமுறையில் படித்த டாக்டர்கள் பலர் மார்ஃபின் எழுதிப் பழகவே இல்லை. உங்கள் சீட்டில் பாராசிட்டமால் மட்டும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று. மார்ஃபினுக்கு பயந்து உள்ளூரில் சிலர் கோடீன் அல்லது டிரமடால் எழுதுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2012இலேயே குழந்தைகளுக்கான வழிகாட்டியில் கோடீனை எடுத்துவிட்டது. சாதா வலிக்கு பாராசிட்டமால் வகை, அதற்கு மேல் என்றால் நேரே மார்ஃபின், இரண்டே படி. கோடீன் உடம்புக்குள் போய் மார்ஃபினாக மாறினால்தான் வேலை செய்யும். சில பிள்ளைகளுக்கு மாறுவதே இல்லை, சிலருக்கு ஆபத்தான வேகத்தில் மாறிவிடும். 12 வயதுக்குக் கீழே வலிக்கு இந்த இரண்டும் கூடாது என்று 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் சொல்லிவிட்டது.

காரைக்குடி_அப்பா

நான் இங்க அதிகம் எழுதறதில்லை. மகளுக்கு மூளைத்தண்டுல கட்டி, டி.ஐ.பி.ஜி. ரேடியேஷன் குடுத்தா கொஞ்ச மாசம் கிடைக்கும், அதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாதுன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. அந்தக் கொஞ்ச மாசம் கிடைச்சுது.

தங்கச்சி, அவன் கேட்ட கேள்வியைத் திரும்பப் படிச்சுப் பாருங்க. ‘சரியாயிட்டேனா, இல்ல வேற ஏதாவதா’ன்னு கேட்டிருக்கான். பாதி பதிலை அவனே சொல்லிட்டான். அம்மாவை விட்டுட்டு உங்ககிட்ட வந்து கேட்டதுலயும் அர்த்தம் இருக்கு. அம்மா உடைஞ்சிடுவான்னு அவனுக்குத் தெரியும்.

என் பொண்ணு ஏழு வயசுல என்னைக் கேட்டது வேற. “அப்பா, ரெஜிஸ்டர்ல என் பேரை செவப்பு இங்க்ல அடிச்சிருவாங்களா?” அவ கிளாஸ்ல ஒரு பையன் டி.சி. வாங்கிட்டுப் போனப்ப டீச்சர் அப்படி அடிச்சதைப் பாத்திருக்கா. சாகறதைப் பத்தி அவளுக்கு இருந்த கவலை அதுதான். நான் சொர்க்கம், சாமின்னு என்னென்னமோ யோசிச்சு வச்சிருந்தேன். டீச்சர்கிட்ட கேட்டுச் சொல்றேம்மான்னேன். போய்க் கேட்டேன். அந்தம்மா, வருஷம் முடியற வரைக்கும் அடிக்க மாட்டேன்னு சொல்லுங்க சார்னாங்க. வந்து சொன்னேன். சரின்னு கார்ட்டூன் போடச் சொல்லிட்டா.

பிள்ளைங்க கேக்கறது நாம பயந்துக்கிட்டிருக்கற கேள்வியா இருக்கறதே இல்லை. அதனால பதில் சொல்றதுக்கு முன்னாடி “ஏன்ப்பா அப்படிக் கேக்கறே?”ன்னு திருப்பிக் கேளுங்க. இதை எங்களுக்கு ஆஸ்பத்திரியில இருந்த மனநல ஆலோசகர் ஒருத்தர் சொல்லிக் குடுத்தாங்க.

நம்பிக்கை_வீண்போகாது

அண்ணே, உங்க வேதனை புரியுது. ஆனா பச்சப் பிள்ளைகிட்ட சாவைப் பத்திப் பேசறது எனக்கு ஒப்பலை. வெளிநாட்டுல பேசுவாங்க. நம்ம வீட்டுல பெரியவங்களுக்கே சொல்ல மாட்டோம். தெரியாம இருந்தா இருக்கற நாளைக்காவது நிம்மதியா இருக்கும்ல.

குழந்தை_ஆன்கோ

தெரியாமல் இருந்தால் நிம்மதிதான். ஆனால் தெரியாமல் இருப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

1970களில் மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானிடவியலாளர் அமெரிக்காவில் ஒரு ரத்தப் புற்று வார்டில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து கவனித்தார். அந்தக் காலத்தில் யாரும் குழந்தைகளிடம் எதுவும் சொல்வதில்லை. ஆனாலும் மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளே விஷயத்தைப் புரிந்துவைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டில் காலியானது, டாக்டர் வாசலில் நின்று கிசுகிசுத்தது, ஊசி நின்றது, அம்மா திடீரென்று கேட்டதையெல்லாம் வாங்கித் தந்தது என்று கண்ணில் பட்டதையெல்லாம் கோத்துக்கொண்டார்கள். அப்பா அம்மா வருத்தப்படுவார்களே என்று தங்களுக்குத் தெரியாதது போலவும் இருந்துகொண்டார்கள். இரண்டு பக்கமும் நடிப்பு. நம் ஊரில் இதை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

சுவீடனில் புற்றுநோயில் பிள்ளைகளை இழந்த பெற்றோரிடம் கேட்டு 2004இல் ஒரு ஆய்வு வெளியானது. பிள்ளையிடம் சாவைப் பற்றிப் பேசியவர்கள் 147 பேர், அவர்களில் ஒருவர்கூடப் பேசியதற்காக வருந்தவில்லை. பேசாதவர்கள் 258 பேர், அவர்களில் 69 பேர் பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். சுவீடன் வேறு, நாம் வேறு என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். பேசாத பெரும்பாலோர் வருந்தவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. ஆகவே எல்லாரும் பேசியே ஆகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை கேட்காதபோது போய்க் கொட்டவும் வேண்டாம். ஆனால் இவன் கேட்டுவிட்டான். கேட்டபின் தண்ணீர் எடுக்கப் போவது ஒருமுறை சரி. இரண்டாம் முறையும் போனால் அப்புறம் யாரிடமும் கேட்கமாட்டான்.

என்ன சொல்லலாம்: “உனக்கு வந்திருக்கிற நோயைப் போக்க எங்ககிட்ட இருந்த மருந்தெல்லாம் கொடுத்துப் பாத்துட்டோம், அது போகலை. ஆனா வலிக்கு மருந்து இருக்கு. நாங்க யாரும் உன்னை விட்டுட்டு எங்கேயும் போகமாட்டோம்.” இவ்வளவே போதும். மேலே கேட்டால் மேலே சொல்லலாம். ‘தூங்கிடுவே’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்புறம் தூங்கவே பயப்படுவான்.

யாழ்ப்பாணத்து_அம்மா

நான் தெல்லிப்பழைப் பக்கம். என்ர மகனைக் கொழும்புப் பக்கம் இருக்கிற மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய்த்தான் மருந்து குடுத்தனாங்கள். இரவு பஸ், பாசை தெரியாத வாட்டு. கடைசியில வீட்டை கூட்டிக்கொண்டு வந்திட்டம்.

டொக்டர் எழுதினது சரியான உண்மை. எங்கட வீட்டில ஒருத்தரும் அவனோட கதைக்கேல்லை, அவனும் கதைக்கேல்லை. ஆனா பக்கத்து வீட்டுப் பெடியனிட்ட “அம்மாவைப் பாத்துக்கொள்ளு, அவ தனியக் கடைக்குப் போகமாட்டா” எண்டு சொல்லியிருக்கிறான். எனக்கு அது பிறகுதான் தெரிய வந்தது.

அப்பாயிக்கு ஒண்டு சொல்லுங்கோ பிள்ளை. எங்கட அம்மம்மாவும் இப்பிடித்தான் கஞ்சியோட திரிஞ்சவ. சாப்பாடு குடுக்கிறதைத் தவிர வேற என்ன செய்யிறதெண்டு அவவுக்குத் தெரியாது. அதைப் பறிச்சுப்போட்டு சும்மா இருங்கோ எண்டா இருக்கமாட்டா. வேற வேலை குடுங்கோ. எங்கட அம்மம்மா அவன்ர காலைத் தன்ர மடியில தூக்கி வைச்சுத் தேங்காயெண்ணை பூசிக்கொண்டு நல்லூர்த் திருவிழாக் கதை சொல்லுவா.

அரியலூர்_சித்தி

எல்லாருக்கும் நன்றி. காரைக்குடி அண்ணன் எழுதினதை அக்காவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அழுதா, ஆனா முழுக்கக் கேட்டா.

ஃபைலோட பெரியப்பா கிளம்பிட்டார். சென்னையில பாத்த ஆஸ்பத்திரியிலேயே வலிக்குன்னு தனிப் பிரிவு இருக்காம்! இத்தனை மாசம் அந்த வராண்டாவுலதான் உக்காந்திருந்தோம். மாமா போன் பண்ணினதுக்கு, பையனைக் கூட்டிட்டு வர வேண்டாம், வீடியோவுல பாக்கறோம், மருந்தை யாராவது வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போங்கன்னாங்க.

அப்பாயி விஷயம் இன்னும் முடியலை. சாப்பிடாம இருந்தா பட்டினியில போயிடுவானேன்னு அழறாங்க. குளுக்கோஸாவது ஏத்துங்கறாங்க. பிளேட்லெட், ரத்தம் ஏத்தறதைத் தொடரணுமா? ராத்திரி மூக்குல ரத்தம் வந்தா என்ன பண்றது?

ஸ்கூட்டி_சிஸ்டர்

சாப்பாட்டுல இருந்து வரேன். நோய் முத்தின உடம்பு சாப்பாட்டை வாங்கிக்காது. இஞ்சினை நிறுத்தின வண்டியில டீசல் ஊத்தற மாதிரி, வழிஞ்சு வெளியே வரும், அவ்வளவுதான். சாப்பிடாததால நோய் முத்தலை, நோய் முத்தினதாலதான் சாப்பிடலை. அப்பாயிக்கு இதை டாக்டர் வாயால சொல்ல வைங்க, நாம சொன்னா எடுபடாது. அவன் கேக்கறதை, கேக்கற நேரத்துல, ரெண்டு ஸ்பூன். ராத்திரி ரெண்டு மணிக்கு பரோட்டா சால்னா கேட்ட பிள்ளையைப் பாத்திருக்கேன். ஒரு வாய்தான் தின்னுச்சு.

குளுக்கோஸ் ஏத்தினா கடைசி நாட்கள்ல அந்தத் தண்ணி காலுலயும் நெஞ்சுலயும்தான் நிக்கும். மூச்சு இரையும். வாய் காஞ்சா பஞ்சை நனைச்சுத் துடைச்சு உதட்டுக்கு வாசலின் தடவுங்க. ஐஸ் துண்டு பிடிச்சா சப்பக் குடுங்க. டூத் பிரஷ் வேண்டாம், ஈறுல ரத்தம் வரும். வந்தா அதுக்கு டிரானக்ஸாமிக் ஆசிட்னு மருந்து உண்டு, வாயில கொப்பளிக்கச் சொல்வாங்க. அதையும் இப்பவே எழுதி வாங்கி வைங்க.

மூக்குல ரத்தம் வந்தா உக்கார வச்சு, தலையை லேசா முன்னால சாச்சு, மூக்கோட மெத்து மெத்துன்னு இருக்கற பகுதியைப் பத்து நிமிஷம் விடாமப் பிடிங்க. அண்ணாக்க வைக்காதீங்க, தொண்டையில இறங்கிடும். அப்புறம் இன்னிக்கே கடைக்குப் போய் நாலு துண்டு வாங்குங்க. மெரூன், கருநீலம், கறுப்பு, இந்த மாதிரி. தலகாணி உறையும் அதே மாதிரி. வெள்ளைத் துண்டுல ஒரு கரண்டி ரத்தம் ஒரு சொம்பு மாதிரி தெரியும். பிள்ளை அதைப் பாத்துத்தான் பயப்படும், அவனைவிட வீட்டுல இருக்கறவங்க பயந்துடுவாங்க. ரொம்பப் போற மாதிரி ஆயிட்டா அவனை அமைதிப்படுத்த ஒரு மருந்தையும் முன்கூட்டியே வீட்டுல வச்சுக்கச் சொல்லிக் குடுப்பாங்க, கேளுங்க.

ரத்தம் ஏத்தறதைப் பத்தி டாக்டர் சொல்லட்டும்.

குழந்தை_ஆன்கோ

ஒற்றைப் பதில் கிடையாது. ரத்தம் ஏற்றினால் இரண்டு நாள் எழுந்து உட்கார்ந்து தங்கையோடு விளையாடுகிறான் என்றால் ஏற்றலாம். எண்ணிக்கை குறைந்திருக்கிறதே என்பதற்காக மட்டும் ஏற்ற வேண்டாம். ஊசி குத்துவதும், போக வர ஆகிற நேரமும், வார்டில் கிடப்பதும் அவனுடைய நாளிலிருந்துதான் போகின்றன. பக்கத்திலேயே பகலில் ஏற்றி அனுப்புகிற இடம் இருந்தால் கணக்கு மாறும். வாராவாரம் ரத்தப் பரிசோதனை எடுக்கிற பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். அந்த எண்களை வைத்துச் செய்யப்போவது ஒன்றுமில்லை என்றால் எதற்கு ஊசி?

நம்பிக்கை_வீண்போகாது

ஒண்ணு ஒத்துக்கறேன், வலியில கிடக்கக் கூடாது பிள்ளை. ஆனா இதையெல்லாம் வாசிச்சா, எல்லாருமாச் சேந்து அனுப்பி வைக்க ஏற்பாடு பண்ற மாதிரி இருக்கு. அதிசயம் நடக்கவே நடக்காதா?

காரைக்குடி_அப்பா

தம்பி, நான் கடைசி வாரம் வரைக்கும் குன்றக்குடி முருகன் கோயிலுக்கு நடந்துக்கிட்டுதான் இருந்தேன். பாக்கெட்ல மார்ஃபின் வாங்கற சீட்டும் இருந்துச்சு. ரெண்டையும் ஒருத்தனே வச்சுக்கலாம்.

திண்டுக்கல்_வாசகி

இடையில ஒரு கேள்வி. பையனுக்குத் தங்கச்சி இருக்கற மாதிரி தெரியுது. அந்தப் பிள்ளையை எங்கயாவது உறவுக்காரங்க வீட்டுக்கு அனுப்பிடறது நல்லதா? எங்க சொந்தத்துல அப்படி அனுப்பினாங்க, எல்லாம் முடிஞ்சு வந்த பிள்ளை அப்புறம் ரொம்ப நாள் யார்கிட்டயும் சரியாப் பேசலை.

ஸ்கூட்டி_சிஸ்டர்

அனுப்ப வேண்டாம். அஞ்சாறு வயசுப் பிள்ளைக்கு, செத்தவங்க திரும்ப வரமாட்டாங்கன்னு முழுசாப் புரியாது. நாம மனசுல நினைச்சதே நடந்துடும்ங்கற எண்ணமும் அந்த வயசுல உண்டு. ‘நான் அண்ணனைச் செத்துப் போன்னு திட்டினேன், அதான்’னு ஒரு பாப்பா என் காதுல வந்து சொல்லியிருக்கு. அதனால மூணு விஷயம் அவளுக்கு வாய்விட்டுச் சொல்லணும்: உன்னால வரலை, உனக்கு ஒட்டாது, உன்னை யார் பாத்துப்பாங்கன்னு ஏற்கெனவே பேசி வச்சாச்சு. அண்ணன் ரூம்ல அவளுக்கு ஒரு வேலையும் குடுங்க. விசிறி விடறது, டி.வி. ரிமோட்னு எதுவா இருந்தாலும் சரி. விசிறி சும்மா இல்லை, மூச்சுத் திணறுற பிள்ளைக்கு முகத்துல காத்துப் பட்டா நிஜமாவே ஆசுவாசமா இருக்கும்.

குழந்தை_ஆன்கோ

கடைசி நேரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்லிவைக்கிறேன், நடுராத்திரியில் தேடிப் படிக்கிற நிலைமை வரக் கூடாது. வேண்டாதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிவிடுங்கள்.

தூக்கம் நாளுக்கு நாள் கூடும். கை கால் குளிர்ந்து தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும். மூச்சு சில நொடிகள் நின்று மறுபடி வரும். தொண்டையில் சளி களகளவென்று சத்தம் போடும், பார்க்கிறவர்களுக்குத்தான் அது கொடுமை, அந்த நிலையில் பிள்ளைக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும், மருந்தும் உண்டு. விழுங்க முடியாவிட்டால் தோலுக்கடியில் சின்ன ஊசி வைத்து மார்ஃபின் கொடுக்கலாம், நிறுத்த வேண்டியதில்லை. பேசுங்கள், தொடுங்கள். காது கேட்கும் என்று நினைத்தே பேசுங்கள்.

இந்த நேரத்தில்தான் வீட்டில் யாராவது பதறி 108ஐக் கூப்பிடுவார்கள். வருகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர்கள் வேலை உயிரைக் காப்பது. தூக்கிப்போய்க் குழாய் போட்டுவிடுவார்கள். அப்புறம் ஐ.சி.யு. கதவுக்கு வெளியேதான் அம்மா நிற்க வேண்டும். வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்திருந்தால், நோயின் நிலையையும் உங்கள் முடிவையும் எழுதி டாக்டர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருங்கள். முதலில் யாருக்குப் போன் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஆஸ்பத்திரிதான் தைரியம் என்று அம்மா நினைத்தால் அதுவும் சரி. அப்போதும் ஐ.சி.யு. அல்லாத ஒரு படுக்கையை முன்கூட்டியே பேசிவைக்கலாம்.

காரைக்குடி_அப்பா

இதோட சேத்து ஒரு காகித வேலை. வீட்டுல நடந்தா இறப்புக்கான காரணத்தை எழுதித் தர ஒரு டாக்டர் வேணும். உள்ளூர் டாக்டர் ஒருத்தர்கிட்ட இப்பவே டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸைக் குடுத்து, ஒரு தடவை வந்து பாக்கச் சொல்லுங்க. முன்னப்பின்ன பாக்காத பிள்ளைக்கு அந்த நேரத்துல எழுதிக் கொடுக்கத் தயங்குவாங்க. பதிவு 21 நாளுக்குள்ள. அலையறதுக்கு அப்பா அம்மா வேண்டாம், மாமனோ சித்தப்பனோ ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கங்க.

அரியலூர்_சித்தி

இப்பதான் நேரம் கிடைச்சுது. மார்ஃபின் சிரப் ஆரம்பிச்சாச்சு. முதல் நாள் தூங்கிக்கிட்டே இருந்தான், மாமா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா மூக்குக்கிட்ட விரலை வச்சுப் பாத்தார். அப்புறம் தெளிஞ்சுட்டான். காலை நீட்டிப் படுக்கறான்! மலச்சிக்கல் வந்துச்சு, அதுக்குக் குடுத்த சிரப்போட அளவைக் கூட்டச் சொன்னாங்க, சரியாச்சு. வட்டார நர்ஸ் வந்து போனாங்க, வாராவாரம் வருவாங்களாம். மெரூன் துண்டு வாங்கியாச்சு. அப்பாயி எண்ணெய்க் கிண்ணத்தோட உக்காந்திருக்காங்க, சாதம் இன்னும் பிசையத்தான் செய்யறாங்க. பெரியப்பா ரெண்டு இடத்துல கேட்டுட்டு வந்துட்டார். அதே பதில்தான்.

திரும்பவும் கேட்டான், இந்தத் தடவை அக்கா இருக்கும்போதே. டாக்டர் எழுதினதை அக்கா அப்படியே சொன்னா. அவன் கேட்ட அடுத்த கேள்வி: “அப்ப ஸ்கூலுக்குப் போலாமா? ஊசிதான் இல்லையே.”

போகலாமா? இன்ஃபெக்‌ஷன் பயம் ஒரு பக்கம். ஹெச்.எம். வேற தயங்கறார்.

குழந்தை_ஆன்கோ

தாராளமாக. இத்தனை வருஷம் தொற்றுக்குப் பயந்து பூட்டிவைத்தது, குணமாகும் என்பதற்காக. இப்போது அவன் ஆசைப்படுவதுதான் முக்கியம். அம்மை, சளிக்காய்ச்சல் உள்ள பிள்ளை வகுப்பில் இல்லையே என்று மட்டும் டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்_வாசகி

நான் டீச்சர்தான். ஹெச்.எம். தயங்கறது பையனால இல்லை, ஸ்கூல்ல ஏதாவது ஆயிட்டா யார் பொறுப்புன்னு. சித்தியோ மாமாவோ வகுப்பு வாசல்லயே உக்காந்திருப்போம், ஏதாவதுன்னா நாங்களே பாத்துக்கறோம்னு எழுத்துல குடுங்க. ஒத்துக்குவார். பிள்ளைங்ககிட்ட முதல் நாளே பேசச் சொல்லுங்க. மொட்டைத் தலை, வீங்கின முகம், மாஸ்க் இதெல்லாம் ஏன்னு முன்னாடியே தெரிஞ்சா அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேடிக்கை பாக்க மாட்டாங்க.

ஸ்கூட்டி_சிஸ்டர்

பத்து மணி டோஸைக் குடுத்துட்டுக் கிளம்புங்க, ரெண்டு மணி டோஸுக்கு வீட்டுக்கு வந்துடுங்க. கூடுதல் டோஸ் ஒண்ணும் அளக்கற சிரிஞ்சும் உங்க பையில இருக்கட்டும், அவன் பையில வேண்டாம். பெஞ்சுல போட ஒரு மெத்தையோ மடிச்ச போர்வையோ கொண்டு போங்க. பி.டி. பீரியட் இருந்தா முன்னாடியே கேட்டுக்கங்க, பந்தைப் பாத்தா சும்மா இருக்க மாட்டான்.